தங்கத் தானியங்கிக் கடிகாரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய தானியங்கிக் கைக்கடிகாரம் ஒன்று விலைக்கு வந்துள்ளது. கூடு முழுவதும் தங்கம் என்கிறார் விற்பவர். அது தங்கமா, முலாமா என்பதை எப்படி அறிவது?

பதில்: கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் கண்முன்னேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மூடியின் உட்புறத்தில் 18 காரட் கூட்டுக்கு 750 என்றும், 14 காரட்டுக்கு 585 என்றும், 9 காரட்டுக்கு 375 என்றும் பொறித்திருப்பது வழக்கம். 1995க்கு முற்பட்ட சுவிஸ் கூடுகளில் 18 காரட்டுக்கு சுவிட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வெட்டியா எனும் பெண்ணின் தலையும், 14 காரட்டுக்கு அணிலும் சிறு முத்திரைகளாக இருக்கும். மாறாக, ‘20 மைக்ரான்’ என்பதுபோல் பூச்சின் தடிமன் குறிக்கப்பட்டிருந்தால் அது முலாம்தான். பின்மூடி மட்டும் எஃகு என்று பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தால், மேற்பகுதி முலாமாகவோ தங்கத் தகடு போர்த்தியதாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. முத்திரை தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால், பட்டை மாட்டும் கால்களின் நுனியையும் அடிப்பக்கத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள்; முலாம் முதலில் அங்கேதான் தேய்ந்து உள்உலோகத்தைக் காட்டும். முலாம் பூசிய கடிகாரத்தை இழிவாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் தங்கத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: 1950களைச் சேர்ந்த, ஒரே வகையான இரண்டு தங்கக் கடிகாரங்கள் என் முன் உள்ளன. ஒன்று பளபளவென்று புதியதுபோல் இருக்கிறது, டயலும் புத்தம் புதிது. மற்றதன் டயல் மங்கி, கூட்டில் கீறல்களும் உள்ளன. விலையில் வேறுபாடு இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: இயந்திரம் இரண்டிலும் நன்றாக இருக்குமானால், தயங்காமல் கீறல் விழுந்ததையே வாங்குங்கள். தங்கம் மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் அதன் மேற்பரப்பிலிருந்து ஒரு மெல்லிய அடுக்கு என்றென்றைக்குமாகப் போய்விடுகிறது. கூட்டை வடித்தவர் கூர்மையாக நிறுத்திய விளிம்புகள் மழுங்கி, கால்கள் மெலிந்து, முத்திரைகள் கரைந்த பிறகு எஞ்சுவது உருவம் இழந்த பொன்துண்டு மட்டுமே. கீறலை நாளைக்கும் நீக்கலாம். இழந்த பொன்னையும் விளிம்பையும் அதே உருவில் மீட்பது அரிது.

டயல் இதைவிட முக்கியம். 1952இல் வெளிவந்த, ஒமேகா நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் பல டயல்கள் கவிழ்த்த தட்டுப்போல, விளிம்பில் பன்னிரண்டு முகங்களாகச் சரிந்திருக்கும். அந்த முகங்கள் சந்திக்கும் கோடுகள் கூர்மையாக இருப்பதே அழகு. மறுவண்ணம் பூசும்போது வண்ணம் தடித்து அக்கோடுகள் மழுங்கிவிடும். எழுத்துகள் பருத்து இடைவெளி மாறும். சில வேளைகளில், அடியில் சிறிதாக இருந்த ‘சுவிஸ்’ என்ற சொல்லே விடுபட்டுப்போகும். சீராகப் பழுத்து, தேன்நிறம் ஏறிய அசல் டயலை நான் பழுதாகக் கருதுவதில்லை. எடைக்கு எவ்வளவு தங்கம் என்று மட்டும் பார்த்து உருக்கப்பட்ட நல்ல கூடுகள் ஏராளம். தப்பிப் பிழைத்த ஒன்றை அதன் முதல் உருவத்தோடு காப்பதே சேகரிப்பவரின் பணி என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: கையை அசைத்தால் என் கடிகாரத்துக்குள் மெல்ல முட்டும் ஒலி கேட்கிறது. பழுதா?

பதில்: 1940களிலோ 1950களின் முற்பாதியிலோ செய்யப்பட்டது என்றால், பெரும்பாலும் பழுதன்று. ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் ஜான் ஹார்வுட் 1920களில் உருவாக்கிய தானியங்கிக் கைக்கடிகாரத்தில் கை அசைவில் ஆடிச் சாவி ஏற்றும் எடைத்துண்டு முழுவட்டம் சுழலாமல், இருபுறமும் உள்ள சிறு சுருள்வில்களில் முட்டி முட்டித் திரும்பும். ஒமேகா உட்படப் பல நிறுவனங்கள் இம்முறையைப் பின்னாளிலும் கையாண்டன. முதல் கான்ஸ்டலேஷன்களும் அப்படிப்பட்டவையே. ரோலெக்ஸ் 1931இல் கொண்டுவந்த, முழுவட்டமாகச் சுழலும் எடைத்துண்டான ரோட்டரே பின்னர் பொதுவழக்காயிற்று. மணிக்கட்டில் அந்த மென்மையான முட்டலை உணர்வதற்காகவே பழைய வகையைத் தேடுவோர் உண்டு. ஆனால் ஒலி முட்டலாக இல்லாமல் உரசலாகக் கேட்டால், ரோட்டரின் அச்சு தேய்ந்து அது பின்மூடியில் உராய்கிறது என்று கொள்ளலாம். உடனே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அணியாத நாள்களில் இதை, கடிகாரத்தைத் தானே சுழற்றிச் சாவி ஏற்றும் பெட்டியில் வைத்து ஓடவிட வேண்டுமா? அளவுக்கு மீறிச் சாவி ஏறிச் சுருள்வில் அறுந்துவிடுமா?

பதில்: ஓடவிட வேண்டியதில்லை, நின்றால் நிற்கட்டும். தொடர்ந்து ஓடுவது பாகங்களின் தேய்மானத்தையே கூட்டும். சாவி மிகுதியாக ஏறவும் வழியில்லை, ஏனெனில் தானியங்கிக் கடிகாரத்தின் சுருள்வில் முழுதும் இறுகியவுடன் அதன் வெளிநுனி, அதை அடக்கிய உருளையின் சுவரில் வழுக்கிவிடும். படேக் ஃபிலிப் கடிகார நிறுவனத்தின் அட்ரியன் ஃபிலிப் 1863இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கெடுதி செய்வது உலர்ந்துபோன எண்ணெய்தான். ஆகவே எப்போது எண்ணெயிட்டது என்று தெரியாத கடிகாரத்தை வாங்கிய அன்றே அணிந்துகொள்ளாமல், முதலில் முழுதாகப் பிரித்துத் துப்புரவு செய்து, புதிய எண்ணெய் இடச் சொல்லுங்கள். அப்போது, கூட்டை மெருகிட வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.