நனைந்த வில்லையை உடனே மாற்றுங்கள்

மருத்துவக் கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, அழுத்தம் அளக்கும் பாகங்களை வடிவமைத்து ஓய்வு பெற்ற பொறியாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. ரத்தம் ஓடும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிந்து இயந்திரத்துக்குப் போகிறது. அது இயந்திரத்தில் சேரும் இடத்தில் நாணயம் அளவில் ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கிறது. போன வாரம் அதில் ரத்தம் ஏறிவிட்டது. ஊழியர் உடனே புதியதை மாட்டிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த வில்லைக்கு என்ன வேலை?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: அந்த ஊழியர் செய்தது சரி, அம்மா. ஆனால் அவரிடம் நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உடலுக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தத்தை இயந்திரம் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் மடங்கினாலும், ரத்தம் உறைந்து வழி அடைபட்டாலும் அழுத்தம் ஏறும், மணி அடிக்கும். அளக்கும் உணரி இயந்திரத்துக்குள் இருக்கிறது. குழாய்களை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார்கள். உணரியை மாற்றுவதில்லை, அடுத்து வரும் நோயாளிக்கும் அதே உணரிதான். ஆகவே ரத்தத்தின் அழுத்தம் அதை எட்ட வேண்டும், ரத்தம் எட்டக் கூடாது. நடுவில் உள்ள காற்று அழுத்தத்தைச் சுமந்து செல்கிறது. வில்லைக்குள் இருக்கும் மெல்லிய வெள்ளைச் சவ்வு காற்றை விட்டு, திரவத்தைத் தடுக்கிறது.

இந்தச் சவ்வின் துளைகள் வழக்கமாக 0.2 மைக்ரான், அதாவது 200 நானோமீட்டர். ஹெபடைடிஸ் பி வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 42 நானோமீட்டர்தான். துளை வைரஸைவிட ஐந்து மடங்கு பெரியது! அப்படியானால் சவ்வு எதைத் தடுக்கிறது? வைரஸ் இருக்கும் திரவத்தைத் தடுக்கிறது. தாமரை இலை மீது நீர் ஒட்டாததுபோல இந்தச் சவ்விலும் நீர் ஒட்டாது. அதனால் துளைக்குள் நுழையாது. திரவம் நுழையாதவரை அதில் உள்ள வைரஸும் நுழையாது. பாதுகாப்பு முழுவதும் சவ்வு காய்ந்திருப்பதில்தான் இருக்கிறது.

ரத்தத்தில் உள்ள புரதங்கள் சவ்வில் படிந்துவிட்டால் நீர் ஒட்டாத குணம் குறையத் தொடங்கும். நனைந்த சவ்வு வழியே காற்றும் சரியாகப் போகாது. திரையில் தெரியும் அழுத்த எண்ணை நம்ப முடியாது. தடுப்பும் அளவும் ஒன்றாகக் கெடுகின்றன. அதனால்தான் உடனே மாற்றச் சொல்கிறோம்.

நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: கழற்றிய வில்லையில் இயந்திரத்தைப் பார்த்த பக்கத்தில் ரத்தம் தெரிந்ததா? இந்தப் பாகத்தின் வழியே நோய் பரவும் ஆபத்து குறித்து அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் நோய்த் தடுப்பு மையமும் 1999-இல் எச்சரித்தன. அந்தப் பக்கத்தில் திரவம் தெரிந்தால், சிகிச்சை முடிந்ததும் தகுதியான பணியாளர் இயந்திரத்தைத் திறந்து, உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று நோய்த் தடுப்பு மையத்தின் 2001 பரிந்துரை சொல்கிறது. சேர்ந்திருந்தால், சுத்தம் செய்யும்வரை அந்த இயந்திரத்தில் அடுத்த நோயாளியைச் சேர்க்கக் கூடாது. பல இயந்திரங்களில் உள்ளேயும் ஒரு காப்பு வில்லை உண்டு. அது இருக்கிறது என்பதற்காகத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது.

வில்லையைக் கழற்றாமலே ஊசிக்குழலால் காற்றடித்து ரத்தத்தைப் பின்னுக்குத் தள்ளுவதும் சில இடங்களில் நடக்கிறது. சவ்வு கிழிந்துவிடலாம். கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. இதைக் கண்டால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

வில்லையின் உறை கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. விலை குறையும் என்று மங்கலான பிளாஸ்டிக்குக்கு மாறலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் நான் கடுமையாக எதிர்த்திருக்கிறேன். ரத்தம் ஏறியதைச் செவிலியர் கண்ணால் பார்க்க முடியாவிட்டால், அந்தப் பாகம் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் பயனில்லை.

கேள்வி: நாங்கள் கொதிகலன்களுக்கு அழுத்தமானி செய்கிறோம். மருத்துவக் கருவி தயாரிக்கும் ஒருவர், கிருமி நீக்கிய குழாய்களுக்கும் அழுத்தமானியும் காப்பு வில்லைகளும் கேட்கிறார். கசியாமல் செய்வது எங்களுக்குப் பழக்கம்தான். வேறு எதை மாற்ற வேண்டும்?
(சிறுதொழில் நடத்துபவர், கோயம்புத்தூர்)

பதில்: கொதிகலனில் கசிவு என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது; கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். இங்கே வெளியிருப்பது உள்ளே போவதையும் நீங்கள் தடுக்க வேண்டும். அது சத்தமில்லாமல் நடக்கும்.

பாரிஸில் யூஜின் போர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய்தான் இன்றும் உங்கள் அழுத்தமானியின் உயிர். அதன் ஒரு முனை மூடியிருக்கிறது. உள்ளே போன திரவம் முழுதாக வடியாது. நீராவி செலுத்தினாலும் முனையில் சிக்கிய காற்று வெளியேறாது. கிருமி தங்குவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. ஆகவே அந்தக் குழாயை ஓடும் திரவத்திலிருந்து பிரித்துவிடுங்கள். முன்னால் 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, பின்னால் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பிய திரவம், அதற்கும் பின்னால் வளைகுழாய். நிரப்பும் திரவம் குறைவாக இருக்கட்டும். கிருமி நீக்கும் நீராவியின் 121 டிகிரி செல்சியஸில் அது விரிந்து தகட்டைத் தள்ளும், அளவு மாறும். தகடு என்றாவது ஓட்டையானாலும் நோயாளிக்குத் தீங்கு செய்யாத திரவமாகவும் இருக்க வேண்டும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மரையின் இடுக்கில் அழுக்கு தங்கும், டேப்பின் நார் குழாய்க்குள் உதிரும். வெல்டிங் செய்யுங்கள்; கழற்றியாக வேண்டும் என்றால் கேஸ்கெட் வைத்த கிளாம்ப் போடுங்கள். அதிகமாக இறுக்கினால் கேஸ்கெட் உள்பக்கம் பிதுங்கும், தளர்வாக விட்டால் பள்ளம் விழும். இரண்டுமே கிருமிக்கு இடம் கொடுக்கும். நீராவி படும் இடத்தில் நைட்ரைல் ரப்பர் வேண்டாம், ஈபிடிஎம் என்ற ரப்பர் வகையைப் போடுங்கள்.

கசிவுச் சோதனையைக் கிருமி நீக்கத்துக்கு முன்பு மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள், பிறகும் செய்யுங்கள். கிருமி நீக்கக் காமா கதிர் கொடுப்பது வழக்கமாக 25 கிலோகிரே. காப்பு வில்லையின் சவ்வு டெஃப்லான் என்றால் அதைத் தாங்காது. நொறுங்கும் தன்மை வந்துவிடும். காலையில் கசியாமல் இருந்த பாகம் கதிர் பட்டுத் திரும்பியதும் கசியும். அந்தச் சவ்வுக்கு எத்திலீன் ஆக்ஸைடு வாயு பொருந்தும். அந்த முறையில் முதலில் வெற்றிடம் உண்டாக்குவார்கள். நன்றாக மூடிய பாகத்துக்குள் சிக்கிய காற்று உப்பி ஒட்டுகளைப் பிரிக்கும். மூடியில் காற்று போக வழி விடுங்கள். வாயுவும் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

கேள்வி: நீராவியால் கருவிகளைக் கிருமி நீக்கும் எங்கள் ஆட்டோகிளேவில் காலையில் வெற்றிடக் கசிவுச் சோதனை (காற்றை உறிஞ்சி மூடிவிட்டு, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பது) தேறுகிறது. ஒரு சுமை முடித்த பிறகு செய்தால் தவறுகிறது. அழுத்தமானி பழுதா?
(செவிலியர், திருநெல்வேலி)

பதில்: அழுத்தமானியைக் குறை சொல்லும் முன் அறையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், சகோதரி. 40 மில்லிபார் அழுத்தத்தில் நீர் 29 டிகிரியிலேயே கொதிக்கும். சுமை முடிந்த அறையின் அடியில் தேங்கிய சிறிது நீரும் ஆவியாகி அழுத்தத்தை ஏற்றும். சோதனைக்கு அது கசிவு போலவே தெரியும். காலி அறையில், ஈரமில்லாமல், வெப்பநிலை நிலைத்த பிறகு செய்யுங்கள். பெரிய ஆட்டோகிளேவ்களுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 285, அழுத்த ஏற்றம் நிமிடத்துக்கு 1.3 மில்லிபாரைத் தாண்டக் கூடாது என்கிறது.

காய்ந்த பிறகும் தாண்டினால் அது உண்மையான கசிவுதான். கதவின் கேஸ்கெட்டைத் துடைத்து, நூலோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து சந்தேகப்பட வேண்டியது வால்வுகளையும் அழுத்தமானி, வெப்பமானி நுழையும் இணைப்புகளையும். அப்படிப் புகும் காற்று நீராவியோடு கலந்தால் அழுத்தமானி 3 பார் என்றே காட்டும். உள்ளே சில இடங்களில் கிருமி நீக்கத்துக்கு வேண்டிய 134 டிகிரி எட்டியிருக்காது. உலர்த்தும் கட்டத்தில் புகுந்தாலோ, கிருமி நீக்கிய கருவிகள் மீதே அறைக் காற்று படியும். பொறியாளர் வந்து சரிசெய்து, சோதனை மீண்டும் தேறும்வரை அந்த ஆட்டோகிளேவில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளை வைக்காதீர்கள். மேலிடம் அவசரப்படுத்தினால் சோதனைத் தாளைக் காட்டுங்கள்.