இந்தியா, மலேசியா: உள்நாட்டு ரப்பர் வரத்தை எப்படி ஒப்பிடுவது?

இந்தியாவிலும் மலேசியாவிலும் உள்நாட்டில் கிடைக்கும் இயற்கை ரப்பரின் அளவு காலப்போக்கில் எப்படி மாறியது, இன்று இரு நாடுகளுமே இறக்குமதி செய்வதற்குக் காரணம் ஒன்றேதானா என்பது கேள்வி. அம்பத்தூரில் வாகன உதிரிகள் செய்யும் ஒரு சிறு ஆலைக்குக் கச்சா ரப்பர் கொள்முதல் செய்வது என் வேலை என்பதால், இரு நாட்டு வரத்தையும் தொடர்ந்து கவனித்து வருகிறேன்.

மலேசியா 1988ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16.6 லட்சம் டன் ரப்பர் உற்பத்தி செய்தது. அன்று உலகில் முதலிடம் அதற்குத்தான். 2023இல் அந்த அளவு சுமார் 3.5 லட்சம் டன்னாகச் சுருங்கிவிட்டது. இந்தியாவோ 1950-51இல் ஏறத்தாழ 16,000 டன்னில் தொடங்கி, 2000-01இல் 6.3 லட்சம் டன்னை எட்டியது. அந்த ஆண்டு நம் நுகர்வும் ஏறக்குறைய அவ்வளவே. 2023-24இல் உற்பத்தி சுமார் 8.57 லட்சம் டன்னாக வளர்ந்திருந்தபோதிலும், நுகர்வு 14 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஆக, மலேசியாவின் பற்றாக்குறை உற்பத்தி சரிந்ததால் வந்தது. நம்முடையது, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற இடங்களில் பெருகிய டயர் ஆலைகளின் தேவைக்கு உற்பத்தி ஈடுகொடுக்க முடியாததால் வந்தது.

இந்த வேறுபாட்டைச் சொல்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளைப் பார்த்தால், இரு நாட்டு வரத்தையும் ஆட்டிவைப்பது ஒரே காரணம்தான் என்பது தெரியவரும்: மரப்பட்டையைச் சீவிப் பால் வடிக்க, அதாவது பால் வெட்ட, அன்றைய விலையில் ஆள் கிடைக்கிறதா என்பது.

மலேசிய உற்பத்தி நேர்கோட்டில் விழவில்லை. 2000இல் 9.3 லட்சம் டன்னாக இருந்தது, 2006இல் 12.8 லட்சம் டன்னாக ஏறியது. ரப்பர் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதால், புது நடவு மட்டும் இந்த ஏற்றத்தைத் தந்திருக்க முடியாது. விலை கூடியதும், பால் வெட்டாமல் விட்டுவைத்த மரங்களுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். இந்தியாவில் இதற்கு நேர்மாறானது நடந்தது. 2012-13இல் 9.13 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி, கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ஷீட்டின் (பாலை உறையவைத்து உலர்த்திய ரப்பர்த் தகட்டின்) விலை 100 ரூபாயை ஒட்டி இறங்கியபோது, 2015-16இல் 5.62 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் யாரும் அத்தனை மரங்களை வெட்டிச் சாய்க்கவில்லை. மரங்கள் தோட்டத்திலேயே நின்றன, பால் வெட்டத்தான் ஆளில்லை. கேரள அரசு 2015இல் சிறு விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 150 ரூபாய் கிடைக்கும்படி மானியத் திட்டம் கொண்டுவந்ததும் இந்த நெருக்கடியில்தான்.

பால்வெட்டு எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனைப் பக்கத் தோட்டங்களில் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், விடியும் முன்பே நெற்றி விளக்குடன் இறங்குகிறார்கள். பட்டையைக் காகிதம்போல மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிப் பட்டைக்கு உள்ளிருக்கும் தடியைத் தொட்டுவிட்டால், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அந்த இடத்தில் மறுபடி சீராக வெட்ட முடியாமல் போகும். நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடித்து, பால் ஓட்டம் நின்றபின் சிரட்டை சிரட்டையாக எடுத்து ஊற்ற வேண்டும். மழை பெய்தால் அன்றைய கூலி இல்லை. இந்த உழைப்புக்கு ஏற்ற கூலியைத் தர விலை இடம் கொடுக்காதபோது, ஆள் வேறு வேலைக்குப் போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மலேசியத் தோட்டங்களில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்கள் வியர்வையில் எழுந்த தோட்டங்கள் பல செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறின. செம்பனைக்குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தால் போதும், ஆள் தேவையும் குறைவு. வேலையும் குடியிருப்பும் சேர்ந்து போனதால் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களை நினைக்காமல் அந்த உற்பத்திச் சரிவை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடிவதில்லை.

ஒப்பிடும்போது இன்னொன்றிலும் கவனம் வேண்டும். மலேசியாவின் ஏற்றுமதியை அதன் உள்நாட்டு வரத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாய்லாந்து, ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளிலிருந்து ரப்பர்ப் பாலையும் கட்டிப்பாலையும் (சிரட்டையிலேயே உறைந்த பாலையும்) பெருமளவில் இறக்குமதி செய்து, பாலைக் கையுறை ஆலைகளும், கட்டிப்பாலைப் பிளாக் ரப்பர் (கட்டியாக அழுத்திய ரப்பர்) ஆலைகளும் பயன்படுத்துகின்றன. அங்கிருந்து வரும் 33.3 கிலோ பிளாக்கை மட்டும் பார்த்து, அதிலுள்ள ரப்பர் எந்த நாட்டு மரத்தில் வடிந்தது என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் சிறு விவசாயிகள் பெரும்பாலும் ஷீட்டாகவே தருகிறார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துக் குமிழியும் பட்டைத் துகளும் பார்த்துத் தரம் பிரிக்கிறோம். ரேடியல் டயருக்குப் பிளாக் அதிகம் வேண்டியிருப்பதால், உள்நாட்டில் ஷீட் இருக்கும்போதே இறக்குமதியும் நடக்கிறது. இந்தியக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, மலேசியக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதையும் மறக்க வேண்டாம்.

எனவே இரு நாடுகளையும் ஒப்பிட விரும்புபவர் மொத்தச் சாகுபடிப் பரப்பை விட்டுவிட்டு, பால் வெட்டும் பருவத்தை அடைந்த பரப்பில் உண்மையில் எவ்வளவு வெட்டப்படுகிறது என்பதை ஆண்டுவாரியாக விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் 2021இல் டயர் நிறுவனங்களின் நிதியுதவியுடன் தொடங்கிய 2 லட்சம் ஹெக்டேர் நடவுத் திட்டத்தையும் நான் இப்படித்தான் பார்ப்பேன். அந்தக் கன்றுகள் 2028 வாக்கில் வெட்டுக்கு வரத் தொடங்கும்போது, அங்கே பயிற்சி பெற்ற பால்வெட்டுத் தொழிலாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைக்கும் என்பவற்றையே முதலில் கேட்பேன்.