மார்க்கெட் மாடியிலிருந்து இறங்குங்கள்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் நாலு வருடமாக ஒரு போட்டோகிராபி கிளப்பில் இருக்கிறேன். ஞாயிறு விடிகாலையில் சேர்ந்து படமெடுக்கப் போவோம், மாதம் ஒருமுறை போட்டி. ஆனால் என் பெயரை எடுத்துவிட்டால் படம் யாருடையது என்று எனக்கே தெரியாது. பன்னிரண்டு படம் இணைத்திருக்கிறேன். ஒன்பதாவதை, முகமே இல்லை, இடது பக்கம் காலி, க்ராப் பண்ணுங்கள் என்று நடுவர் ஒதுக்கிவிட்டார். கிளப்பை விட்டுவிடலாமா?

— ஒரு வாசகி, அல்சூர்

அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம். எக்ஸ்போஷரெல்லாம் (படத்துக்கு வேண்டிய வெளிச்ச அளவு) கை தானாகப் போடுகிறது என்றால் அது கிளப் தந்ததுதான். போட்டியும் பாவமில்லை, உங்கள் ஊர் டி.என்.ஏ. பெருமாளின் காட்டுயிர்ப் படங்கள் எத்தனையோ சலோன்களில், அதாவது போட்டோ போட்டிக் கண்காட்சிகளில், வைக்கப்பட்டவை.

ஆனால் பன்னிரண்டில் ஏழு, கே.ஆர். மார்க்கெட் மாடியில் நின்று கீழே சாமந்திக் குவியலை எடுத்தவை. நானும் எடுத்திருக்கிறேன், பெங்களூரில் கேமரா வாங்கியவர்கள் எல்லாருமே எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே படிக்கட்டு, ஒரே ஆறு மணி, ஒரே 70-200 ஜூம் லென்ஸ். அப்புறம் எப்படி வேறு மாதிரி வரும்?

ஒன்பதாவது படத்தில் பூக்கட்டும் அம்மாவின் கால் கட்டைவிரலில் வாழைநார் சுற்றியிருக்கிறது, பக்கத்தில் ஆடை படிந்த டீ. நடுவர் வெட்டச் சொன்ன அந்த இடது பக்கத்துச் சாக்கில், விற்றுப்போன பூ கிடந்த இடம் மட்டும் ஈரமாக, கறுப்பாக இருக்கிறது. அதை வெட்டினால் படத்தில் என்ன மிச்சம்? அவரையும் குறை சொல்ல முடியாது, ஒரே உட்காரலில் நூற்றுக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றுக்கும் சில நொடி, அதற்குள் கண்ணைப் பிடிப்பது முகமும் நிறமும்தான். நானும் ஒருமுறை ஒரு நடுவர் அப்படிச் சொன்னதைக் கேட்டு என் படத்தை வெட்டி அனுப்பினேன், தேர்வானது, இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் யாரோ எடுத்த மாதிரி இருக்கிறது.

அவ்வளவு கிட்டே அந்த அம்மா உங்களை விட்டதற்குக் காரணம், நீங்கள் தமிழில் பேச்சுக் கொடுத்திருப்பீர்கள் (மார்க்கெட்டில் பாதி வியாபாரம் தமிழில்தானே). மாடியில் நிற்பவருக்கு அது நடக்காது. அடுத்த வாரம் கிளப் ஆட்கள் டிபனுக்குப் போன பிறகு, பதினொரு மணிக்குத் தனியாக, ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அதோடு, நாலு வருடத்தில் நடுவர்கள் தள்ளிய படங்களை மட்டும் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். யாரும் சொல்லாமலே நீங்கள் திரும்பத் திரும்ப எதை எடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

ஆமாம், அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தீர்களா?