வீட்டைப் புதுப்பிக்கும் முன் திரையை விலக்குங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், அங் மோ கியோவில் மூன்றாம் மாடியில், நாலறை வீட்டில் இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். தாழ்வாரத்தில் போகிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள் என்று கூடத்துத் திரையை மூடியே வைத்திருப்போம். மாமியார் பிஸ்கட் டின், பிளாஸ்டிக் டப்பா, பழைய துணி எதையும் எறிய விடமாட்டார். பிற்பகலானாலே சோர்வு, எரிச்சல். வீட்டை முழுசாகப் புதுப்பித்தால் மனம் சரியாகுமா?

பதில்: புதுப்பிக்கும் செலவை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள், சகோதரி. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மாமியாரின் டின்கள் அல்ல, அந்த மூடிய திரைதான்.

விளக்குதான் எரிகிறதே என்று தோன்றும். கண் குறைந்த வெளிச்சத்துக்குச் சட்டென்று பழகிவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். திரை மூடிய கூடத்தில் விளக்கு போட்டாலும் பெரும்பாலும் 100, 200 லக்ஸ்தான் இருக்கும். வெளியே மேகம் கவிந்த நாளில்கூடப் பல ஆயிரம் லக்ஸ். இது பகல், இது இரவு என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் உண்டு. அவற்றுக்கு நல்ல வெளிச்சம் தேவை. காலையில் அது கிடைத்தால் உடம்புக் கடிகாரம் ஒழுங்காக ஓடும், இரவில் உரிய நேரத்தில் மெலட்டோனின் சுரந்து தூக்கம் வரும். கிடைக்காவிட்டால் பகலெல்லாம் மந்தம். தூக்கமும் கெட்டால் எரிச்சலுக்கு வேறு காரணமே தேவையில்லை.

சன்னலுக்குச் சல்லாத் துணியில் ஒரு டே கர்ட்டன் போடுங்கள். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. அதனால் தாழ்வாரத்தில் போகிறவருக்கு உள்ளே சரியாகத் தெரியாது. மாலையில் விளக்கு போட்டதும் இது தலைகீழாகிவிடும், அப்போது கனமான திரையை இழுத்துவிடுங்கள். வேலை செய்யும் மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டால் கணினித் திரையில் கண் கூசாது. மூன்றாம் மாடி, எதிரே வேறு புளோக் இருந்தால் வெளிச்சம் இன்னும் குறையும். எனவே காலை எட்டு மணி வாக்கில் கீழே இறங்கி ஒரு இருபது நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

சரி, பொருள்களுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸில் குடும்பங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் வீடு அடைசலாக இருக்கிறது என்று சொன்ன பெண்களுக்குக் கார்ட்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பு பகல் போகப்போக இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. அடைசல்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்பதுவரை சொல்லலாம்.

நான் ஆலோசனைக்குப் போன ஒரு வீட்டில் அந்த அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். மேசை முழுக்க மாத்திரை அட்டை, மின்சாரக் கட்டணச் சீட்டு, பையனின் துணைப்பாடத் தாள்கள், மூடி தொலைந்த டப்பா. ஒவ்வொன்றும் ஒரு பாக்கி வேலை. கட்ட வேண்டும், விழுங்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அங்கே உட்காரும்போதெல்லாம் அத்தனையும் சேர்ந்து அவரைக் கூப்பிட்டன. ஸ்டோர் ரூமில் கதவுக்குப் பின்னால் இருந்தவை அவரை ஒன்றும் செய்யவில்லை.

அதனால் உங்கள் மேசையிலிருந்து தொடங்குங்கள். பாக்கி வேலைத் தாள்களை ஒரே தட்டில் போட்டு, அன்றைய வேலை முடிந்ததும் அந்தத் தட்டை எட்ட வேறிடத்தில் வையுங்கள். வீடு முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கவிழ்த்துப் போடாதீர்கள். பாதியில் களைத்துப்போய் முன்னைவிட மோசமாகக் கிடக்கும்.

மாமியார் இல்லாத நேரம் பார்த்து அவர் பொருளை எறிவது கூடவே கூடாது. உங்களுக்கு அடைசலாகத் தெரிவது, பற்றாக்குறையைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பாதுகாப்பு. ஒருமுறை எறிந்துவிட்டால் அவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். "அத்தை, இந்த அலமாரி முழுக்க உங்களுக்கு, நான் தொடவே மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். கூடம் மட்டும் எல்லாருக்கும் பொது என்று அப்புறம் பேசலாம். மிஞ்சியதைத் தாழ்வாரத்தில் அடுக்காதீர்கள், தீ விபத்தில் அதுதான் வெளியேறும் வழி. உடைந்த அலமாரி, மெத்தை போன்றவற்றுக்கு நகர மன்றத்திடம் முன்கூட்டிச் சொன்னால் வந்து எடுத்துப் போவார்கள்.

இதையெல்லாம் செய்தும் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, பிடித்த காரியத்திலும் மனம் ஒட்டாமல் போனாலோ பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். மேசையைத் துடைக்கக்கூடத் தெம்பில்லை என்றால் அதைச் சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல், அவரிடம் அதையே முதலில் சொல்லுங்கள்.