போன் எடுப்பது அம்மா, ‘ஃபவுண்டர்’ நீங்களா?

கேள்வி: காரைக்குடி பக்கம் அப்பா ஆரம்பித்த ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை இப்போது நான் பார்க்கிறேன். வெப்சைட் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கிக்கொண்டு ஒரு ஏஜென்சி பிளாக் எழுதித் தருகிறது. ஆர்டர்தான் வரவில்லை. வருகிற போன் எல்லாம் வெட்டிக் கேள்வி, ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. டிசைனை மாற்றலாமா?

பதில்: டிசைன் கிடக்கட்டும் தம்பி. அம்மாவுக்குத் தொண்டை கட்டுகிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்களே, உங்கள் வெப்சைட்டில் வந்திருக்க வேண்டியதெல்லாம் அந்தத் தொண்டையில்தான் இருக்கிறது. தினமும் வருகிற கேள்வி எப்படி வெட்டிக் கேள்வியாகும்? வாங்க நினைக்கிறவர் பணத்தை எடுக்கும் முன் கேட்பது அது.

நீங்கள் அனுப்பிய லிங்க்கில் போய்ப் பார்த்தேன். ‘வீட்டு அலங்காரத்தில் பத்து டிரெண்டுகள்’. சரி, யாருக்கு? தேடலில் மேலே வருவதற்காகவே எழுதிக் குவிக்கிற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக கூகுள் 2022 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. நூறு சதுர அடிக்கு எட்டு இன்ச் கல் 225 வேண்டும், உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்து வாங்க வேண்டும், இது எங்கேயும் இல்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் ஊற்றி, சிமென்ட் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற கல், சூளையே பார்க்காதது, பாத்ரூம் ஆசிட் பட்டால் அரித்துவிடும் என்பதும் இல்லை. லாரியில் உடைந்தால் யார் பொறுப்பு? இல்லை. விலை கேட்டால் ‘தொடர்பு கொள்ளவும்’. கொண்டால் எடுப்பது அம்மா. ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் கோட் போட்டுக்கொண்டு ‘ஃபவுண்டர்’ என்று நிற்பது நீங்கள்! அப்பா போட்ட பட்டறைக்கு மகன் ஃபவுண்டராம். பெற்றவர்களின் உழைப்பில் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் எனக்கு நிறையவே கடிதம் எழுதுகிறார்கள், ஒருவர்மீதும் எனக்கு இரக்கம் வந்ததில்லை.

நாளையிலிருந்து ஒரு வாரம் நோட்டோடு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். என்ன கேட்கிறார்கள், அவர் என்ன சொல்கிறார், அவர் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், கேள்வியே தலைப்பு. எங்கிருந்தோ எடுத்துப் போட்ட வெளிநாட்டு வரவேற்பறைப் படத்தைத் தூக்கிவிட்டு, பட்டறையில் ஈரம் காயாத கல்லை உங்கள் போனிலேயே எடுத்துப் போடுங்கள். விலையைப் போடுங்கள். போன் நேரம் பத்திலிருந்து ஐந்து வரை என்று எழுதுங்கள், அவரும் சாப்பிட வேண்டாமா?

அப்புறம் அந்தப் பன்னிரண்டாயிரம். அடுத்த மாதத்திலிருந்து அதை அம்மாவுக்குச் சம்பளமாகக் கொடுங்கள். வீட்டு ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று அப்பா கேட்டால், என்னிடம் பேசச் சொல்லுங்கள்.