மறக்கப்போகும் நாள் ஆப்புக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி: ஜவுளிக் கடையில் பில்லிங் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். ராத்திரி 9 மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. யூடியூபில் வகுப்புகள் பார்க்கிறேன், பிடிஎஃப் நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அப்போது எல்லாம் புரிகிறது. ஒரு வாரம் கழித்து மாதிரித் தேர்வு எழுதினால் பாதி ஞாபகத்தில் இல்லை. கூடப் படிக்கும் தோழி ஆன்கி ஆப் போடச் சொல்கிறாள். எந்தக் கேள்வியை எந்த நாளில் மறப்போம் என்று அதுவே கற்றுக்கொண்டு, அதற்கு முன்பே நம்மிடம் கேட்குமாம். இது எப்படி முடியும்? நம்பலாமா? கேள்விகளைத் தயாரிக்கும் வேலையை சாட்ஜிபிடியிடம் கொடுக்கலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் அந்த ஆப் உங்களைப் பற்றிக் கற்றுக்கொள்வது முழுக்க முழுக்க நீங்கள் அழுத்தும் பட்டனை வைத்துத்தான். பட்டனில் பொய் சொன்னால் அதன் கணக்கும் பொய்யாகிவிடும். அதை விளக்குவதற்கு முன்னால், வீடியோ பார்த்துப் படிப்பது ஏன் நிற்பதில்லை என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவில் இருந்தது. 'படிக்கும்போது புரிகிறது, ஒரு வாரத்தில் போய்விடுகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். வீடியோ உங்களுக்குத் தருவது அந்த ஐந்தாவது நிமிட நம்பிக்கையை. தலைக்குள்ளிருந்து நீங்களே வெளியே இழுத்துப் பார்த்தது எதுவோ அதுதான் தங்கும்.

அடுத்தது, எத்தனை நாளைக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது? ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் நினைவு மளமளவென்று சரிகிறது, அப்புறம் சரிவு மெதுவாகிறது. ஒவ்வொரு முறை நினைவுபடுத்திக்கொள்ளும்போதும் அடுத்த சரிவு இன்னும் மெதுவாகும், அதனால் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். 1987-இல் பியோட்டர் வோஸ்னியாக் என்ற போலந்து மாணவர் இதைக் கம்ப்யூட்டர் கணக்காக்கினார். முதல் முறை 1 நாள், அடுத்து 6 நாள், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2.5 மடங்கு, அதாவது 15 நாள், 38 நாள் என்று போகும். 2006-இல் வந்த ஆன்கி பல வருடம் இந்தக் கணக்கின் ஒரு வடிவத்தில்தான் ஓடியது. அதில் 'கற்றுக்கொள்வது' என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அது ஒரு சூத்திரம், ஊருக்கெல்லாம் ஒரே சூத்திரம்.

உங்கள் தோழி சொல்வது 2023 கடைசியில் ஆன்கிக்குள் வந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புது முறையை. சீனாவைச் சேர்ந்த ஜாரெட் யே முன்னின்று உருவாக்கியது. இதில்தான் இயந்திரம் நிஜமாகவே கற்றுக்கொள்கிறது. எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆன்கியில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு அட்டை: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. 'நற்றிணையின் அடி எல்லை என்ன?' என்று ஒரு அட்டை போட்டிருக்கிறீர்கள். விடை 9 முதல் 12 அடி. இந்த அட்டைக்கு ஆப் மூன்று விஷயங்களைக் குறித்து வைத்திருக்கும். அட்டை உங்களுக்கு எவ்வளவு கடினம், அது உங்கள் நினைவில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது, இன்றைக்குக் கேட்டால் சொல்லிவிட எத்தனை சதவீதம் வாய்ப்பு. உறுதி என்பதை அது நாளில் அளக்கும். உறுதி 10 நாள் என்றால், பத்தாம் நாளில் நீங்கள் சரியாகச் சொல்ல 90 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். இருபதாம் நாள்வரை தள்ளிப்போட்டால் அது 80 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும்.

பத்தாம் நாள் அட்டை வருகிறது. '90 சதவீதம்' என்று ஆப் ஏற்கெனவே மனதுக்குள் பந்தயம் கட்டிவிட்டது. நீங்கள் சரியாகச் சொன்னால் அதற்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. தப்பாகச் சொன்னால் பெரிய ஆச்சரியம். இந்த ஆச்சரியத்தை ஒரு எண்ணாக எழுதலாம். 50 சதவீதம் என்று சொல்லித் தவறினால் சின்ன எண், 99 சதவீதம் என்று அடித்துச் சொல்லித் தவறினால் மிகப் பெரிய எண். இப்படி உங்களுடைய எல்லா அட்டைகளுக்கும், எல்லா நாட்களுக்கும் கூட்டினால் ஒரு மொத்தம் வரும். ஆப்பின் கணக்குக்குள் சுமார் 20 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் துளி ஏற்றினால் மொத்தம் குறைகிறதா, துளி இறக்கினால் குறைகிறதா என்று பார்த்து, குறைகிற பக்கமாக நகர்த்தும். மறுபடி கூட்டும், மறுபடி நகர்த்தும். இனிமேல் குறையாது என்கிற வரை இதுவே வேலை. கிரேடியன்ட் டிசென்ட் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், உள்ளே நடப்பது இவ்வளவுதான். சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடல்களுக்கும் அடிப்படை இதே வேலைதான். அடுத்த சொல் எது என்று பந்தயம் கட்டும், உண்மையில் வந்த சொல்லோடு ஒப்பிடும், எண்களை நகர்த்தும். என்ன, அங்கே 20 எண்கள் போதாது, பல நூறு கோடி வேண்டும்.

ஆப்பை முதல் நாள் திறக்கும்போது உங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மற்ற பயனர்கள் பதில் சொன்ன பல கோடிப் பதிவுகளிலிருந்து எடுத்த சராசரி எண்களோடு ஆரம்பிக்கும். சில வாரங்கள் ஓட்டிய பிறகு, டெக் (அட்டைக் கட்டு) ஆப்ஷன்ஸ் பக்கத்தில் எஃப்எஸ்ஆர்எஸ் பகுதியில் இருக்கும் 'ஆப்டிமைஸ்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அப்போதுதான் உங்கள் பதிவுகளை வைத்து எண்களைத் திருத்திக்கொள்ளும். எஃப்எஸ்ஆர்எஸ் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆப் உங்கள் அட்டையை வாசிப்பதே இல்லை. நற்றிணையா, நாடாளுமன்றமா, அதற்கு ஒன்றுதான். எந்த நாளில் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பட்டன்கள் நான்கு: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. பலரும் சறுக்குவது 'ஹார்ட்' பட்டனில்தான். விடை வரவில்லை, திருப்பிப் பார்த்ததும் 'அட, தெரிந்ததுதானே' என்று தோன்றுகிறது, மனசு கேட்காமல் ஹார்ட் அழுத்திவிடுகிறோம். ஆப்பின் கணக்கில் ஹார்ட் என்றால் 'கஷ்டப்பட்டேன், ஆனால் சரியாகச் சொல்லிவிட்டேன்'. நீங்கள் மறந்த ஒன்றை ஞாபகம் இருந்ததாக அது எழுதிக்கொள்கிறது. இப்படி நூறு தடவை நடந்தால் உங்கள் மறதி மெதுவானது என்று முடிவுகட்டி எல்லா இடைவெளியையும் நீட்டிவிடும். பரீட்சைக்கு முந்தைய மாதம் பார்த்தால் ஒன்றுமே ஞாபகம் இருக்காது, பழி ஆப்பின் மேல் விழும். அதனால் விடை வரவில்லையென்றால் அகெய்ன், வந்தால் குட். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு இந்த இரண்டு பட்டனே போதும் என்பேன்.

அகெய்ன் அழுத்துவதை அவமானமாக நினைக்கவும் வேண்டாம். ஞாபகம் இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதத்துக்கு இறங்கும்போது ஆப் அட்டையைக் கேட்க வேண்டும் என்பதை நீங்களே அமைக்கலாம். அதை 90 சதவீதம் என்று அமைத்திருந்தால் பத்து அட்டையில் ஒன்று தவறத்தான் வேண்டும். ஒன்றுகூடத் தவறவில்லையென்றால், தேவைக்கு அதிகமாகத் திருப்பிப் பார்த்து உங்கள் ராத்திரி நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்றுதான் பொருள். சிலர் ஆர்வக்கோளாறில் அதை 97, 98 என்று ஏற்றிவைப்பார்கள், தினசரிப் பாக்கி மலையாகிவிடும். 90-லேயே விட்டுவிடுங்கள், சமாளிக்க முடியவில்லையென்றால் 85-க்கு இறக்குங்கள்.

அட்டை போடும் விதத்துக்கு வருகிறேன். எட்டுத்தொகை தொகுப்பு விவரங்கள் குழப்புவதற்கென்றே அமைந்தவை. நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. அகநானூற்றைத் தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி, தொகுத்தவர் உருத்திரசன்மர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. இதையெல்லாம் ஒரே அட்டையில் அட்டவணையாகப் போட்டால் நான்கில் மூன்று சொல்லிவிட்டு குட் அழுத்துவீர்கள், விட்டுப்போன நாலாவது பரீட்சையில் வரும். ஒரு அட்டைக்கு ஒரு விடை என்று பிரியுங்கள். இரண்டு வழுதிகளும் குழம்பினால், 'வழுதி என்று முடியும் இருவரில் நற்றிணைக்காரர் யார்?' என்று அந்தக் குழப்பத்தையே ஒரு அட்டையாக்குங்கள்.

இயந்திரங்களுக்கு வரும் ஒரு வியாதி இந்த இடத்தில் மனிதருக்கும் வரும். பயிற்சிக்குக் கொடுத்த உதாரணங்களை மாடல் அப்படியே உருப்போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வந்தால் திணறும். ஓவர்ஃபிட்டிங் என்பார்கள். அதனால்தான் மாடல் செய்கிறவர்கள் கொஞ்சம் கேள்விகளை ஆரம்பத்திலேயே தனியாக எடுத்துவைத்து, பயிற்சியில் அதைக் கண்ணிலேயே காட்டாமல், கடைசியில் அதை வைத்துச் சோதிப்பார்கள். நீங்களும் பழைய வினாத்தாள்களில் இரண்டு மூன்றைத் தொடாமல் வையுங்கள். மற்றவற்றிலிருந்து அட்டை போடுங்கள். அட்டையில் 95 சதவீதம், தொடாத வினாத்தாளில் 60 சதவீதம் என்று வந்தால் நீங்கள் அட்டையின் முகத்தை அடையாளம் கண்டு விடை சொல்கிறீர்கள், பாடத்திலிருந்து அல்ல. அப்போது அட்டையின் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள், விடையைக் கேள்வியாக்குங்கள்.

வரலாறு ஒரு மாதம், அரசியலமைப்பு ஒரு மாதம் என்று தனித்தனியாக முடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடலாம். 1989-இல் மெக்கிளாஸ்கி, கோஹன் என்ற இருவர் ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்குக்கு (மூளை நரம்புகளின் பாணியில் அமைத்த கம்ப்யூட்டர் மாடல்) 1-ஐக் கூட்டும் கணக்குகளைக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாகச் செய்தது. பிறகு 2-ஐக் கூட்டும் கணக்குகளை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். அதைக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள 1-ஐக் கூட்டுவது அழிந்துபோனது. இன்றைக்கும் இதற்குச் செய்யும் வைத்தியங்களில் முக்கியமானது, புதிய பாடத்தோடு பழையதையும் கலந்து கொடுப்பது. நம் மூளை அவ்வளவு மோசமாக அழிப்பதில்லை, ஆனாலும் கலந்து படிப்பது நமக்கும் நல்லது. ஆன்கியில் எல்லாப் பாடத்தையும் ஒரே டெக்கில் போட்டால் கலப்பது தானாக நடக்கும்.

சரி, சாட்ஜிபிடி. பாடத்தை அதனிடம் கேட்காதீர்கள், பாடத்தை அதற்குக் கொடுத்துக் கேள்வியை வாங்குங்கள். மேலே சொன்ன மாதிரி, அது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் இயந்திரம். 'நற்றிணையைத் தொகுப்பித்தவர்' என்றதும் உக்கிரப்பெருவழுதி என்று தயங்காமல் சொல்லிவிட வாய்ப்பு உண்டு, ஏனென்றால் இந்தப் பெயர்கள் எல்லாம் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் வருகின்றன. அதுவும் தமிழில் எழுதப்பட்டவை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அதன் பயிற்சியில் மிகக் குறைவு. சமச்சீர் புத்தகத்தின் ஒரு பக்கத்தை அப்படியே ஒட்டி, 'இதில் உள்ளதை மட்டும் வைத்து, ஒரு கேள்விக்கு ஒரு விடை வருமாறு 10 கேள்விகள் கொடு. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் புத்தகத்தின் வரியை எழுது' என்று கேளுங்கள். அந்த வரியைப் புத்தகத்தில் கண்ணால் பார்த்துவிட்டு அட்டையில் ஏற்றுங்கள். தப்பான விடையுள்ள அட்டை மிக ஆபத்தானது. ஆப் அந்தத் தப்பைச் சரியான இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் பதியவைத்துவிடும்.

இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அட்டை எழுதுவதே பாதிப் படிப்பு.

உங்கள் நேரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆப்பின் இயல்பு அமைப்பு தினம் 20 புது அட்டை. வேலைக்குப் போகிறவருக்கு அதிகம், 10 ஆக்குங்கள். அன்றைக்கு வரவேண்டிய பழைய அட்டைகளைப் பஸ்ஸிலும் மதிய சாப்பாட்டு இடைவேளையிலும் முடித்துவிடுங்கள், அதற்கு மேஜை நாற்காலி தேவையில்லை. ராத்திரி 9 மணிக்கு மேல் கிடைப்பதைப் புதுப் பாடத்துக்கும் அட்டை எழுதுவதற்கும் வையுங்கள். வீடியோ பார்த்தால், முடிந்ததும் போனைக் கவிழ்த்துவைத்து, ஒரு தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். எழுத வராததே அட்டை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசனில் நான்கு நாள் விட்டுப்போய் 300 அட்டை சேர்ந்துவிட்டால் டெக்கை அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்காதீர்கள். புது அட்டையை 0 ஆக்கிவிட்டுத் தினம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தீர்த்தால் பாக்கி மெல்ல வடியும். தாமதமாகப் பார்த்ததையும் ஆப் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இருபதாம் நாள் கேட்டும் சரியாகச் சொன்னீர்கள் என்றால் அதுவும் அதற்கு ஒரு தகவல்தான். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் புது அட்டையை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, 200 கேள்வியில் தமிழுக்கான 100-க்கும் பொது அறிவின் 75-இல் பெரும்பகுதிக்கும்தான் இந்த அட்டைகள் உதவும். திறனறிவு 25-ஐ ஆன்கியில் போடாதீர்கள். தனிவட்டி, கூட்டுவட்டி சூத்திரத்துக்கு அட்டை போடலாம், கணக்கைத் தாளில் போட்டுத்தான் பழக வேண்டும், கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.