270 கிலோமீட்டருக்கு எதற்கு ஒரு மணி நேரம்?

கேள்வி: தை மாதம் பெரியம்மா பேத்திக்குத் தாம்பரத்தில் கல்யாணம், காலை 10.30க்கு முகூர்த்தம். முட்டிவலிக்காரரான அம்மாவை அழைத்துக்கொண்டு அன்று காலையே விமானத்தில் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். பெங்களூரு – சென்னை வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும், 20 நிமிடத்தில் போய்விடலாம் என்கிறான் மகன். டிக்கெட்டிலோ 1 மணி 5 நிமிடம் போட்டிருக்கிறது. எதை நம்புவது? 7.30 விமானம் போதுமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மகன் வகுத்தது சரிதான். ஆனால் அந்த 800 என்பது உயரத்துக்குப் போய்ச் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம், சென்னை போகிற விமானம் அப்படிப் பறப்பது கொஞ்ச நேரம்தான். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர் அளவுக்குள்தான் போக வேண்டும். ஏறி முடித்து, பெல்ட் விளக்கு அணைந்து, தள்ளுவண்டி பாதி வரிசைகூட வந்திருக்காது, இறங்கப் போகிறோம் என்று அறிவித்துவிடுவார்கள்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. தேவனஹள்ளியில் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மீனம்பாக்கத்தில் போய் நிற்கும் வரை எல்லாமே அதில் அடக்கம், ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவதும் அங்கே வரிசையில் காத்திருப்பதும் சேர்த்து. அப்புறம் காற்று. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும், சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. கிழக்கிலிருந்து காற்று வந்தால் நம் ஊரிலிருந்து போகும் விமானம் நேரே இறங்கிவிடலாம். ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கும்போது விமான நிலையத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே அலை தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 7.30 விமானம் என்றால் பெட்டி போடும் கவுன்டரை 6.30க்கே மூடிவிடுவார்கள், அல்சூரிலிருந்து விமான நிலையம் 35 கிலோமீட்டர் இருக்கும், அம்மாவோடு 4.30க்காவது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 8.35க்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர 9 மணி தாண்டும். அங்கிருந்து தாம்பரம் பக்கம்தான். கணக்குப்படி முகூர்த்தத்தைப் பிடித்துவிடலாம்.

ஆனால் நான் போகச் சொல்ல மாட்டேன். தையில் விடியற்காலை தேவனஹள்ளியில் மூடுபனி இறங்கும், இறங்கினால் விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும், ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலே தாலி கட்டுவதைப் பார்க்க முடியாது. முந்தைய நாளே கிளம்பிவிடுங்கள். பிற்பகல் 3 மணி வாக்கில் புறப்படும் பிருந்தாவன் ரயில் இரவு 9 மணி வாக்கில் சென்ட்ரலில் விட்டுவிடும், ஆனால் அங்கிருந்து தாம்பரம் தூரம், முட்டிவலியோடு அது கஷ்டம். அதனால் முந்தைய நாள் மாலை விமானம்தான் என் யோசனை, டிக்கெட் போடும்போதே அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.